திரெப்ளிங்கா: அழிக்கப்பட்ட முகாமும் எஞ்சிய சான்றுகளும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் (1939–1945) செருமனியின் நாட்சி அரசு தான் கைப்பற்றிய நாடுகளில் பல்லாயிரம் முகாம்களை அமைத்தது. இவை அனைத்தையும் 'வதைமுகாம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. வரலாற்று நோக்கில் இவ்வழக்குப் போதுமானதன்று. தாக்காவு, புக்கன்வால்டு முதலிய இடங்களில் கைதிகள் அடைத்துவைக்கப்பட்டனர்; வேலை வாங்கப்பட்டனர்; பசியாலும் நோயாலும் அடியாலும் பெருந்தொகையினராய் மாண்டனர். ஆயினும் அங்குக் கைதிக்கு ஓர் எண் இருந்தது. படுக்க ஒரு பலகை இருந்தது. அலுவலகத்தில் பதிவேடு இருந்தது. திரெப்ளிங்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. வந்து இறங்கிய சில மணி நேரத்திற்குள் அவர்கள் கொல்லப்பட்டனர். பெயர் கேட்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை. இத்தகைய இடத்தைக் 'கொலைமுகாம்' என வேறுபடுத்திக் கூறுவதே பொருந்தும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பதிவேடு இல்லாத, பின்னர்க் கட்டடமும் இல்லாமற் செய்யப்பட்ட ஓரிடத்தின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது என்னும் சிக்கல் இதிலிருந்தே பிறக்கிறது. திரெப்ளிங்காவின் அமைப்பையும் அதன் கைதிகளின் வரலாற்றையும் கூறி, அவை எவ்வாறு அறியப்பட்டன என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் அமைப்பும்

போலந்தின் தலைநகரான வார்சாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பூக் ஆற்றுக்கு அணித்தாக, மணற்பாங்கான பைன் காட்டிடையே அமைந்த சிற்றூர் திரெப்ளிங்கா. வார்சாவிலிருந்து பியாவிஸ்டோக் செல்லும் இருப்புப்பாதையில் மல்கீனியா என்னும் சந்திப்பு நிலையம் உள்ளது. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. ஒதுக்குப்புறமான காடும் புகைவண்டி வசதியும் ஒருங்கே வாய்த்தமையே இவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டதன் காரணம். அருகிலிருந்த சரளைக்கல் குழியை ஒட்டி 1941-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டாய உழைப்பு முகாம் செயற்படத் தொடங்கியிருந்தது. அதனை முதலாம் திரெப்ளிங்கா என்பர். ஈண்டு ஆராயப்படுவது, 1942-ஆம் ஆண்டின் வேனிற் காலத்தில் அதற்கு அண்மையில் எழுப்பப்பட்ட இரண்டாம் திரெப்ளிங்காவே.

செருமானியர் ஆண்ட போலந்துப் பகுதியின் யூதர்களை அடியோடு அழிக்கும் திட்டம் 'ரைன்ஹார்டு நடவடிக்கை' எனப்பட்டது. லூப்ளினில் இருந்த ஓடிலோ குளோபோச்னிக் அதனை நடத்தினார். அதற்கென மூன்று முகாம்கள் அமைக்கப்பட்டன. பெல்ஸெத்ஸ் 1942 மார்ச்சிலும், சொபிபோர் மே மாதத்திலும், திரெப்ளிங்கா சூலையிலும் கொலைத்தொழிலைத் தொடங்கின. இம்முகாம்களை நடத்தியோர் பெரும்பாலும் ஏற்கெனவே செருமனியில் மனநோயாளரையும் உடற்குறையுடையோரையும் நச்சுவாயுவால் கொன்ற அரசுத் திட்டத்தில் பணியாற்றியவர்கள். திரெப்ளிங்காவின் முதல் தலைவரான இர்ம்ஃபிரீட் ஏபெர்ல், பிராண்டன்பர்க், பெர்ன்பர்க் ஆகிய ஊர்களில் அத்தகைய கொலை நிலையங்களுக்குத் தலைமை தாங்கிய மருத்துவர். கொலைமுகாம் ஒன்றின் தலைவராயிருந்த மருத்துவர் இவர் ஒருவரே.

முகாமின் பரப்பு மிகச் சிறிது. ஏறத்தாழ 17 எக்டேர். இருபத்தைந்து முதல் முப்பது வரையிலான செருமானிய, ஆஸ்திரியப் படையினரும், திராவ்னிக்கியில் பயிற்சி பெற்ற நூறுபேர் அளவினரான காவலர்களும் இதனை நடத்தப் போதுமானவர்களாய் இருந்தனர். இக்காவலர்களுள் பலர் செருமானியரிடம் சிறைப்பட்ட சோவியத்துப் போர்வீரர்கள், பெரும்பாலும் உக்ரைனியர். முள்வேலியில் பைன் கிளைகள் செருகப்பட்டு உள்ளிருப்பது வெளியே தெரியாதவாறு மறைக்கப்பட்டது. கிளைகள் உலர உலரப் புதியன கொணர்ந்து செருகுவதற்கென்றே ஒரு கைதிக்குழு இருந்தது.

முகாம் மூன்று பகுதிகளாக அமைந்திருந்தது: காவலர் குடியிருப்பு, வந்தோரை இறக்கும் பகுதி, 'மேல்முகாம்' எனப்பட்ட கொலைப் பகுதி. பின்னிரண்டையும் இணைத்தது இருபுறமும் வேலியிட்ட ஒரு குறுகிய வழி. செருமானியர் அதனைக் 'குழாய்' என்றனர். 'சொர்க்கச் சாலை' என்று எள்ளலாகவும் வழங்கினர். தொடக்கத்தில் மூன்று நச்சுவாயு அறைகள் இருந்தன. 1942 இலையுதிர் காலத்தில் பத்து அறைகள் கொண்ட பெரிய கட்டடம் எழுப்பப்பட்டது. ஓர் எந்திரத்தின் புகையைக் குழாய்வழி உட்செலுத்திக் கொல்வதே அங்குக் கையாளப்பட்ட முறை.

சொல்லும் ஏமாற்றும்

கொலைக்கு ஏமாற்று இன்றியமையாத கருவியாக இருந்தது. கெட்டோ எனப்பட்ட அடைப்புக் குடியிருப்புகளிலிருந்து மக்களை அனுப்புவதற்கு அதிகாரிகள் இட்ட பெயர் 'கிழக்கே மறுகுடியேற்றம்'. வந்து இறங்கியவர்களிடம், இது இடைத்தங்கல் முகாம், குளித்து உடைகளைத் தூய்மை செய்தபின் வேலைக்கு அனுப்பப்படுவீர் என்று கூறப்பட்டது. 1942 இறுதியில் இறங்குமேடை ஒரு போலிப் புகைவண்டி நிலையமாகவே மாற்றப்பட்டது. பயணச்சீட்டுச் சாளரங்களும் வழிகாட்டும் பலகைகளும் வைக்கப்பட்டன. சுவரில் முள் நகராத கடிகாரம் ஒன்று வண்ணத்தால் தீட்டப்பட்டது. நடக்கவியலாத முதியோர், நோயாளர், துணையற்ற குழந்தைகள் ஆகியோர் செஞ்சிலுவைக் கொடி பறந்த 'மருத்துவமனை'க்கு அழைத்துச்செல்லப்பட்டனர். வேலிக்குப் பின்னே இருந்தது ஒரு குழியே. அதன் விளிம்பில் அவர்கள் சுடப்பட்டனர்.

வார்சா கெட்டோவிலிருந்து ஆட்களை அனுப்புதல் 1942 சூலை 22 அன்று தொடங்கியது. முதற் புகைவண்டி மறுநாள் திரெப்ளிங்காவை அடைந்தது. அதே நாளில், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரை ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்ட யூதர் அவையின் தலைவர் ஆடம் செர்னியாகோவ் நஞ்சுண்டு இறந்தார். செப்டம்பர் 21 வரையிலான இரண்டு மாதங்களில் வார்சாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 2,65,000 பேர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். கல்வியாளரும் மருத்துவருமான யானுஷ் கோர்ச்சாக், தாம் நடத்திய அனாதை இல்லத்தின் சற்றேறக்குறைய 200 குழந்தைகளுடன் ஆகஸ்டு முதல் வாரத்தில் அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அவர் குழந்தைகளை விட்டுத் தம்மைக் காத்துக்கொள்ள மறுத்தார். இவ்வில்லத்தில் சூலை 18 அன்று குழந்தைகள் நடித்த நாடகம் இரவீந்திரநாத தாகூரின் 'அஞ்சலகம்' என்பது இந்திய வாசகர் அறியத்தக்கது. நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் ஒருவன் அமைதியாக இறப்பை எதிர்கொள்ளும் கதை அது.

ஏபெர்லின் தலைமையில் முகாம் விரைவில் நிலைகுலைந்தது. கொல்லவும் புதைக்கவும் இயலும் அளவைக் காட்டிலும் மிகுதியான வண்டிகளை அவர் ஏற்றார். பிணங்கள் மேடையருகே குவிந்தன. ஆகஸ்டு இறுதியில் அவர் நீக்கப்பட்டு, சொபிபோரில் இருந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்கல் அமர்த்தப்பட்டார். நீக்கத்திற்குக் காரணம் கொடுமை அன்று, ஒழுங்கின்மையே என்பது இவ்வமைப்பின் இயல்பை நன்கு காட்டும். ஸ்டாங்கலின் காலத்தில் அனைத்தும் கால அட்டவணைப்படி நடந்தன.

வார்சாவிலிருந்து மட்டுமன்றி ராடோம், பியாவிஸ்டோக் மாவட்டங்களிலிருந்தும், தெரேசியென்ஸ்டாட்டிலிருந்தும், 1943 மார்ச்சில் பல்கேரியப் படைகள் கைப்பற்றியிருந்த மாசிடோனியா, திரேஸ் பகுதிகளிலிருந்தும் யூதர்கள் இங்குக் கொணரப்பட்டனர். ரோமா இனத்தவரும் ஏறத்தாழ 2,000 பேர் கொல்லப்பட்டனர்.

உள்ளிருந்த கைதிகள்

'கைதி' என்னும் சொல் இம்முகாமில் மிகச் சிலர்க்கே பொருந்தும். வந்தவர்களுள் உடல்வலிமை மிக்க ஆண்கள் சிலர் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டனர். எந்த நேரத்திலும் எண்ணூறு முதல் ஆயிரம் பேர் வரை இவ்வாறு வேலைக்கென உயிருடன் வைக்கப்பட்டிருந்தனர். நீலப் பட்டை அணிந்தோர் மேடையையும் பெட்டிகளையும் தூய்மை செய்தனர். சிவப்புப் பட்டை அணிந்தோர் உடை களையுமிடத்தில் பணிபுரிந்தனர். பொன்னும் பணமும் பிரிப்போர், உடைகளைத் தரம்பிரித்துக் கட்டுவோர், பெண்களின் தலைமயிர் களைவோர் எனப் பிற குழுக்களும் இருந்தன. மேல்முகாமில் இருந்தோர் பிணங்களைச் சுமந்தனர். இவ்விரு பகுதியினரும் ஒருவரையொருவர் காண இயலாது.

இவர்களின் நிலையை இரண்டு சொற்களால் தீர்ப்பிட முனைவோர் உளர். அது முறையன்று. சாமுவேல் வில்லன்பெர்க் 1942 அக்டோபரில் ஓபாடோவ் என்னும் ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டார். அங்கே முன்பே இருந்த ஊர்க்காரர் ஒருவர், கொத்தனார் என்று சொல்லுமாறு அறிவுறுத்தினார். அதனால் உயிர் பிழைத்தார். அவருடன் வந்த வண்டியில் அவ்வாறு எஞ்சியவர் அவர் ஒருவரே. பின்னர் ஒருநாள் தரம்பிரிக்கும் குவியலில் தம் உடன்பிறந்த சகோதரியர் இருவரின் உடைகளைக் கண்டெடுத்தார். சகோதரியர் இறந்தனர் என்ற செய்தி அவருக்குக் கிட்டிய வழி அதுவே. அதன்பின்னும் மறுநாள் அக்குவியலில் வேலை செய்ய வேண்டியிருந்தது. இந்நிலைக்கு 'உடன்பாடு' என்றோ 'கோழைமை' என்றோ பெயரிடுதல், தெரிவு செய்ய இடமிருந்தோர் கையாளும் அளவுகோலை அதற்கு இடமே இல்லாதோர்மீது வைப்பதாகும்.

கிளர்ச்சி

1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வண்டிகள் குறைந்தன. இம்லரின் ஆணைப்படி, புதைத்த பிணங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, தண்டவாளங்களால் ஆன அடுக்குகளின்மேல் எரிக்கப்பட்டன. வேலை முடிந்ததும் தாங்களும் கொல்லப்படுவோம் என்பதைக் கைதிகள் தெளிவாக உணர்ந்தனர். மருத்துவர் யூலியன் கோரோன்ஜித்ஸ்கி, செக்கோஸ்லோவாக்கியப் படையில் அலுவலராயிருந்த ஜெலோ பிளாக், கைதித் தலைவரான பொறியாளர் கலேவ்ஸ்கி முதலியோர் மறைவாக ஒரு குழு அமைத்தனர். ஆயுதம் வாங்கச் சேர்த்த பணத்துடன் ஏப்ரலில் பிடிபட்ட கோரோன்ஜித்ஸ்கி, பிறரைக் காட்டிக்கொடுக்க நேராதவாறு நஞ்சுண்டார்.

ஆயுதக் கிடங்கின் பூட்டு பழுதானபோது அதனைச் சீர்செய்யக் கைதிகளே அழைக்கப்பட்டனர். அவ்வாய்ப்பில் மாற்றுச் சாவி ஒன்று செய்துகொள்ளப்பட்டது. இரு பகுதிகளுக்கும் சென்றுவரக்கூடிய மிகச் சிலருள் ஒருவர் யான்கியல் வியர்னிக் என்னும் தச்சர். தச்சு வேலை என்ற பெயரில் அவரே மேல்முகாமுக்கும் கீழ்முகாமுக்கும் செய்தி சுமந்தார்.

1943 ஆகஸ்டு 2, திங்கட்கிழமை. வெப்பம் மிகுந்த நாளாகையால் காவலர் சிலர் பூக் ஆற்றுக்குக் குளிக்கச் சென்றிருந்தனர். துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டு வந்த நிலையில், ஒரு படையினருக்கு ஐயம் எழுந்தமையால் குறித்த நேரத்திற்கு முன்னரே பிற்பகலில் முதற் குண்டு வெடித்தது. திட்டத்தின் பெரும்பகுதி இதனால் சிதைந்தது; தொலைபேசிக் கம்பி அறுக்கப்படவில்லை; காவற் கோபுரங்கள் கைப்பற்றப்படவில்லை. எரிபொருள் தொட்டி தீப்பற்றியது, மரக்கட்டடங்கள் எரிந்தன, செங்கல்லால் ஆன நச்சுவாயுக் கட்டடம் எரியவில்லை. அன்று முகாமில் இருந்த ஏறத்தாழ 840 பேருள் இருநூறு முதல் முந்நூறு பேர் வேலியைத் தாண்டினர். துரத்திப் பிடிக்கப்பட்டும் காட்டிக்கொடுக்கப்பட்டும் அவர்களுள் பலர் மாண்டனர். போர் முடியும்வரை உயிருடன் இருந்தோர் எழுபது பேர் அளவினரே. கிளர்ச்சியின் தலைவர்களுள் ஏறக்குறைய எவரும் எஞ்சவில்லை.

கிளர்ச்சியால் முகாம் அன்றே ஒழிந்தது எனச் சிலர் எழுதுவது பிழையாகும். ஆகஸ்டு நடுவில் பியாவிஸ்டோக்கிலிருந்து வந்தோர் அதன்பின்னும் அங்குக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே முகாம் கலைக்கப்பட்டது. கட்டடங்கள் இடிக்கப்பட்டன; நிலம் உழப்பட்டு லூப்பின் செடி விதைக்கப்பட்டது. இடித்த செங்கற்களைக் கொண்டு ஒரு பண்ணைவீடு கட்டி, முன்னாள் காவலர் ஒருவரை உழவராகக் குடியமர்த்தினர். இவ்வேலையைச் செய்த இறுதிக் கைதிகள் நவம்பரில் சுடப்பட்டனர்.

சாட்சியங்கள்

தடயமே இல்லாமற் செய்யவேண்டும் என்னும் முயற்சி முழு வெற்றி பெறாமைக்குக் காரணம், கொலை நடந்துகொண்டிருந்தபோதே சாட்சியம் வெளியேறிவிட்டமைதான். ஆப்ரகாம் கிஷெபித்ஸ்கி என்னும் இளைஞர் 1942 ஆகஸ்டு 25 அன்று வார்சாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பதினெட்டு நாட்களுக்குப் பின் துணிமூட்டைகள் ஏற்றிய வண்டியில் ஒளிந்து தப்பினார். அவர் திரும்பியது வார்சா கெட்டோவுக்கே. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளம் அங்கே மறைவாக ஓர் ஆவணக் காப்பகம் நடத்திவந்தார். அதன் சார்பில் ராகேல் அவுர்பாக் என்னும் எழுத்தாளர் கிஷெபித்ஸ்கியின் வாய்மொழியை இத்திஷ் மொழியில் விரிவாக எழுதிக்கொண்டார். கிஷெபித்ஸ்கி 1943 ஏப்ரலில் கெட்டோக் கிளர்ச்சியில் போரிட்டு இறந்தார். பால்கேன்களில் அடைத்துப் புதைத்த அவ்வேடுகள் 1950 டிசம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன. சொன்னவர், தொகுத்தவர் இருவரும் இறந்தபின், எழுதியவர் மட்டும் உயிருடன் இருந்து அவற்றைக் கண்டார்.

வியர்னிக், கிளர்ச்சியன்று தப்பி வார்சாவில் மறைந்து வாழ்ந்தபோது போலிஷ் மொழியில் எழுதிய 'திரெப்ளிங்காவில் ஓராண்டு' 1944-இல் மறைவாக அச்சிடப்பட்டது. அவ்வாண்டிலேயே நியூயார்க்கிலும் வெளிவந்தது. தச்சரின் கண் அளவுகளை மறப்பதில்லை. முகாமின் அமைப்பை அறிய இந்நூலும் பின்னர் அவர் செய்த மாதிரி உருவமும் இன்றும் முதன்மைச் சான்றுகள். கைதி அல்லாத ஒருவரும் ஈண்டுக் குறிக்கத்தக்கவர். திரெப்ளிங்கா ஊர் நிலையத்தில் பணிபுரிந்த ஃபிரான்சிஷெக் ஜோம்பெத்ஸ்கி, போலந்தின் மறைமுக எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர். பெட்டிகளின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட எண்ணிக்கைகளைக் குறித்துவந்ததோடு, நிலையத்தின் சரக்கு ஆவணங்கள் சிலவற்றையும் எடுத்து மறைத்துவைத்தார்.

எண்ணிக்கைச் சிக்கல்

செஞ்சேனையுடன் 1944 வேனிலில் அங்குச் சென்ற எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன், எஞ்சியோரையும் அண்டை ஊராரையும் விசாரித்து எழுதிய கட்டுரை அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. சிறப்பான எழுத்தே, ஆயின் அதில் இறந்தோர் தொகை முப்பது இலட்சம் அளவினதாகக் கூறப்பட்டது மிகை. வண்டிகள் நெடுங்காலம் இடையறாது நாள்தோறும் வந்தன எனக் கொண்டமையே இதற்குக் காரணம். இத்தகைய மிகைக் கணக்குகளை எடுத்துக்காட்டி நிகழ்ச்சியையே மறுக்க முற்படுவோர் பின்னாளில் தோன்றினர். ஆதலின் எண்ணிக்கையைச் சரியாக நிறுவுதல் இறந்தோர்க்குச் செய்யும் கடனுமாயிற்று.

இதற்கு எதிர்பாரா இடத்திலிருந்து விடை கிடைத்தது. போர்க்காலத்தில் பிரித்தானியர் இடைமறித்துக் குறிவிலக்கிய செருமானிய வானொலிச் செய்திகளுள், 1943 சனவரி 11 அன்று ஹெர்மன் ஹோஃப்லெ லூப்ளினிலிருந்து அனுப்பிய ஒன்று இருந்தது. 'எல்', 'பி', 'எஸ்', 'டி' என்னும் நான்கு எழுத்துகளும் சில எண்களுமே அதில் காணப்பட்டமையால் போர்க்காலத்தில் எவரும் அதன் பொருளை உணரவில்லை. 2000-ஆம் ஆண்டில் இலண்டனின் ஆவணக் காப்பகத்தில் கண்டறியப்பட்டபின், பீட்டர் விட்டெ, ஸ்டீஃபன் டையஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் அதனை விளக்கி வெளியிட்டனர். எழுத்துகள் லூப்ளின் (மைதானெக்), பெல்ஸெத்ஸ், சொபிபோர், திரெப்ளிங்கா ஆகியவற்றைக் குறிப்பன. 1942 டிசம்பர் 31 வரை வந்தோர் முறையே 24,733, 4,34,508, 1,01,370, 71,355. மொத்தம் 12,74,166 எனக் கூறப்பட்டிருந்தது.

கூட்டிப் பார்ப்பின் கணக்கு ஒவ்வாது. இறுதி எண்ணில் ஓர் ஐந்து விடுபட்டிருக்கிறது. அது 7,13,555 என இருப்பின் மொத்தம் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. நாட்சிப் புள்ளியியலாளர் கோர்ஹெர் 1943-இல் அளித்த அறிக்கையிலும் அதே 12,74,166 காணப்படுகிறது. ஏட்டில் விடுபட்ட ஓரெழுத்தைத் தளை கொண்டு மீட்கும் பதிப்பாசிரியரின் முறையை இஃது ஒத்துள்ளது. அவ்வாண்டின் இறுதி இரு வாரங்களுக்குப் பெல்ஸெத்ஸின் எண் சுழி என்று இருப்பதும், அங்கு டிசம்பரில் வண்டிகள் நின்றுவிட்டன எனப் பிற சான்றுகளால் அறிந்ததோடு இசைகிறது. 1943-இல் வந்தோரையும் சேர்த்து, திரெப்ளிங்காவில் கொல்லப்பட்டோர் குறைந்தது 7,80,000 எனவும், 9,25,000 வரை இருக்கலாம் எனவும் ஆய்வாளர் கணிக்கின்றனர்.

நீதிமன்றமும் நிலமும்

ஏபெர்ல் 1948-இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். முகாமின் இறுதித் தலைவரான குர்ட் ஃபிரான்ஸ் உள்ளிட்டோர்மீது டுசல்டார்ஃப் நகரில் 1964–65-இல் வழக்கு நடந்தது. பிரேசிலில் 1967-இல் பிடிபட்ட ஸ்டாங்கல் 1970 டிசம்பரில் வாழ்நாள் தண்டனை பெற்று, மறு ஆண்டு சூனில் சிறையில் இறந்தார்.

சாட்சியத்தின் எல்லையையும் ஒரு வழக்குக் காட்டியது. நச்சுவாயு எந்திரத்தை இயக்கிய 'கொடிய இவான்' என்று எஞ்சியோர் சிலர் அடையாளங் காட்டியமையால் ஜான் டெம்யான்யுக் என்பவருக்கு இசுரேலில் 1988-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சோவியத்துக் காப்பகங்களிலிருந்து வந்த வாக்குமூலங்கள் அந்த இவான் வேறொருவர் எனச் சுட்டவே, 1993-இல் உச்ச நீதிமன்றம் ஐயத்தின் பயனை அளித்து அவரை விடுவித்தது. அவர் சொபிபோரில் காவலராயிருந்தார் எனக் கண்டு மியூனிக் நீதிமன்றம் 2011-இல் தண்டித்தது. மேல்முறையீடு முடியுமுன் 2012-இல் இறந்தார். நாற்பதாண்டுகளுக்குப் பின் ஒரு முகத்தை நினைவுகூர்தல் வேறு. நடந்ததை நடந்த காலத்திலேயே எழுதிவைத்தல் வேறு. முன்னது பிழைபட்டமையால் பின்னதன் வலிமை குன்றுவதில்லை.

முகாம் இருந்த நிலத்தில் ஃபிரான்சிஷெக் துஷென்கோ, ஆடம் ஹவுப்ட் ஆகியோர் வடிவமைத்த நினைவிடம் 1964 மே மாதம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 17,000 கற்கள் அங்கு நடப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றில் ஊர்ப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆட்பெயர் தாங்கிய கல் ஒன்றே: 'யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும்'. கிளர்ச்சியில் பங்குகொண்டு எஞ்சியோருள் இறுதியானவரான வில்லன்பெர்க் 2016 பிப்ரவரியில் இசுரேலில் காலமானார்.

யூதச் சமய நெறி கல்லறையைக் கிளறுதலை விலக்குகிறது. ஆகையால், கரோலின் ஸ்டர்டி கோல்ஸ் தலைமையில் 2010 முதல் நடந்த தொல்லியல் ஆய்வு, முதலில் நிலத்தை ஊடுருவும் ராடார் கொண்டு குழிகளின் எல்லைகளைக் கண்டறிந்தது. புதைகுழி அல்லாத இடங்களில் மட்டும் 2013-இல் அகழ்ந்தது. செங்கல் அடித்தளத்தின் பகுதிகளும், ஆறுமுனை விண்மீன் முத்திரை கொண்ட செம்மஞ்சள் நிறத் தரை ஓடுகளும் வெளிப்பட்டன. யூதர் வழிபாட்டிடத்தைச் சேர்ந்த குளியலறை என நம்பச்செய்யும் குறியோ என முதலில் ஐயுறப்பட்ட அம்முத்திரை, ஓடு செய்த போலந்துத் தொழிற்சாலையின் வணிகக் குறி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.